ஆற்றுவாய் வெட்டிய அன்று வள்ளமேறிய கேக்

கனகசூரியத்தார் ஐந்து சங்கங்களுக்குத் தலைவர். ஆறாவது சங்கமொன்று அவரைச் செயலாளராக வரும்படி கேட்டபோது, "செயலாளரெண்டா எழுத வேணும். நான் எழுதுற ஆளில்ல, பேசுற ஆள்" என்று மறுத்துவிட்டார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கே மேடை போட்டாலும் நடுக்கதிரை அவருடையது. அதை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. கொடுப்பதற்கு முன்னரே அவர் அதில் இருந்துவிடுவார்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை மழை விடவேயில்லை. மட்டக்களப்பு வாவி நிறைந்து, கரை எதுவென்று தெரியாமல் வயலுக்குள் ஏறி, வயல்வெளி முழுக்க, வட்டை வட்டையாக, கதிர் தள்ளவிருந்த குடலைப் பருவத்து நெல்லை மூடியது. இந்த மாதிரி நேரத்தில் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றுவாயை வெட்டு என்று வயல்காரர்கள் கத்துவார்கள். வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு போய்விடும், வெட்டாதே என்று வலைகாரர்கள் கத்துவார்கள். மாரிக்கு மாரி நடக்கும் இந்தச் சண்டையில் கனகசூரியத்தார் இம்முறை வயல்காரர் பக்கம் நின்று பேட்டிகள் கொடுத்திருந்தார். அதிகாரிகள் அந்தப் பேட்டிகளைப் பார்த்தார்களோ இல்லையோ, ஒருநாள் விடியற்காலையில் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுபோய் மணலை வெட்டிவிட்டார்கள்.

போனில் செய்தி வந்தபோது அவர் சீனி வருத்தத்துக்கான குளிசையைப் போட்டுவிட்டுப் பிட்டுக்காகக் காத்திருந்தார். பிட்டு அவிவதற்குள் அது அவருடைய வெற்றியாகிவிட்டது.

"தின்னிட்டுப் போங்களன், இந்தா இறக்கிட்டன்" என்றாள் மனைவி.

"வரலாறு பிட்டுக்காக நிண்டுகொண்டிருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் சால்வையை எடுத்தார்.

அதே காலையில் துறையடியில் மேனுகா காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், இரண்டு மேசைவிரிப்புகளால் போர்த்தப்பட்டு, அவளுடைய இடுப்புயரத்துக்கு ஒன்று நின்றது. அது கேக். மூன்று அடுக்கு, முழு வெள்ளை, விளிம்பெல்லாம் ஐசிங்கில் செய்த ரோசாப்பூ. அன்று பின்னேரம் ரவுணில், பட்டணத்து மண்டபமொன்றில், செசீலியா ரீச்சரின் மகள் ஷெரோனுக்குக் கல்யாண விருந்து.

மேனுகா இதுவரை செய்ததெல்லாம் பிறந்தநாள் கேக். பொம்மைக் கேக், கிரிக்கெட் மட்டைக் கேக், மணல் ஏற்றுகிறவர் ஒருவரின் மகனுக்கு டிப்பர் லொறிக் கேக். கல்யாணக் கேக் இதுதான் முதல். செசீலியா ரீச்சரோ மகளின் கல்யாணச் சட்டையைத் தையல்காரியிடம் நாலு தரம் திருப்பி அனுப்பியவர். கோயில் பாட்டுக் குழுவில் சுருதி விலகிய சொந்தத் தங்கையையே வெளியில் அனுப்பியவர். அவருடைய வாயிலிருந்து "நல்லாயிருக்கு" என்று ஒரு சொல் வந்தால் ரவுண் கல்யாணங்களெல்லாம் மேனுகாவைத் தேடி வரும். வராவிட்டால் ஆயுளுக்கும் டிப்பர் லொறிதான். மூன்று மணிக்குக் கேக் மண்டபத்தில் நிற்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் பெரிய ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். பஸ் இல்லை. வந்த ஓட்டோக்காரன் ரோட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வடியட்டும் அக்கா" என்று மரத்துக்குக் கீழே ஓட்டோவை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டான். மேனுகாவால் அப்படிப் படுக்க முடியவில்லை.

துறையில் கிடந்த ஒரே வள்ளம் சாமித்தம்பியுடையது.

"அண்ணன், என்னையும் ரவுணுக்கு ஏத்துங்க."

"தலைவர் பிடிச்ச வள்ளம் புள்ள. அவரக் கேளு. அந்தா வாறார்."

கனகசூரியத்தார் வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து, போர்த்தியிருந்த உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவருக்குப் பின்னால் சுபாகரன் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். ஐந்து சங்கங்களுக்கும் செயலாளன் அவன்தான்.

"என்ன மகள் இது? சிலை திறப்பா? எனக்கு ஒருத்தரும் சொல்லவேயில்ல."

"கேக் மாமா. செசீலியா ரீச்சர்ர மகளின்ட கல்யாணத்துக்கு."

"அதுக்கும் சொல்லவேயில்ல" என்றார் அவர். பிறகு யோசித்தார். "சரி, ஏத்து. வெள்ளத்தப் பாத்திட்டு நானும் அப்பிடியே விருந்துக்கு வாறன். சாப்பாடும் அங்க ஆச்சு."

கல்யாணக் கேக் என்பது என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்றடுக்கும் ரெஜிபோம், ரீவிப் பெட்டிக்குள் அடைத்து வரும் அந்த வெள்ளைக் கட்டி. மேலே பூசியது மட்டும்தான் ஐசிங். விருந்தாளிகள் தின்னும் துண்டுகள் வேறாகச் செய்து, சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு முன்கூட்டியே போய்விடும். அடித்தட்டில் முன்பக்கம் ஒரு கையகலத்துக்கு மட்டும் உண்மைக் கேக் வைத்திருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தி வைப்பது அங்கேதான். இது தெரியாத ஒரே ஆள் கனகசூரியத்தார். எல்லாம் தெரிந்தவர் என்பதால் அவருக்கு யாரும் எதையும் சொல்வதில்லை.

கேக்கை வள்ளத்தின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். மேனுகா அதை அணைத்துக்கொண்டு இருந்தாள். ஐசிங் நசுங்கினால் திருத்துவதற்கு ஒரு பை நிறைய ஐசிங்கும், பூப் பிழியும் கூம்புப் பையும், ஒரு டப்பாவில் மேலதிக ரோசாப்பூக்களும் அவளுடைய மடியில் இருந்தன. தலைவர் அணியத்தில், வள்ளத்தின் முன்மூக்கில், நின்றார். இருந்தால் வேட்டி கசங்கிவிடும்.

"அண்ணன், தண்ணிக்குள்ள ஊண்டித் தாங்குற கம்பு எங்க?" என்று கேட்டாள் மேனுகா.

சாமித்தம்பி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "இஞ்சின் பூட்டின வள்ளத்துக்குக் கம்பா? பாக்கிறவன் என்ன நினைப்பான்? பதினைஞ்சு குதிரை வலு, புள்ள." அந்த எஞ்சின் வந்த நாளிலிருந்து அவர் கம்பைக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

வள்ளம் வாவியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நேராகத்தான் ஓடியது. மேனுகா மனதுக்குள் மண்டபத்தின் மேசையை அடைந்து, போர்வையையும் கழற்றிவிட்டாள். அப்போது தலைவர் கையைத் தூக்கினார்.

"சாமித்தம்பி, வட்டைக்குள்ள கிறுக்கு வள்ளத்த."

"மாமா, நேரா ஆத்தால போனாத்தான் மூண்டு மணிக்கு—"

"அஞ்சு நிமிசம் மகள். ஆத்துக்குள்ள நிண்டா வெறும் தண்ணி. ஒரு தலைவன் வெறும் தண்ணியில நிண்டா ஆரு பாக்கிற? தண்ணிக்குள்ள தாண்ட வயலுக்கு மேல நிக்கோணும்."

வள்ளம் திரும்பியது. கீழே எங்கேயோ நெல் இருந்தது, மேலே தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. எஞ்சின் சத்தத்தில் தன் குரல் கேட்காது என்று தலைவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சுபாகரன் லைவைத் தொடங்கினான். "அன்பான மக்களே" என்றவுடன் சால்வை பறந்து அவருடைய முகத்தை மூடியது. லைவில் திருத்த முடியாது என்று சுபாகரன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. வெட்டிவிட்டு மறுபடி தொடங்கு என்றார். இரண்டாம் தரம் அவருடைய ஐந்து பதவிகளில் மரண உதவிச் சங்கத்தைச் சுபாகரன் விட்டுவிட்டான். மூன்றாம் தரம் சாமித்தம்பி இருமினார்.

"எத்தினை பேர் பாக்கிறாங்க?"

"பதினொராள், தலைவர்."

அந்தப் பதினொருவரில் ஒருவர் தலைவரின் மனைவி. இன்னொருவரும் தலைவரின் மனைவிதான், மகனுடைய போனிலிருந்து.

மேனுகா விரலால் பலகையைத் தட்டினாள். நேரத்தைப் பார்த்தாள். போர்வைக்குள் கையை விட்டு, நடு அடுக்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். மறுபடி நேரத்தைப் பார்த்தாள். "மாமா, போவமா?" என்று கேட்டால் அவர் அன்பான மக்களுக்குப் பேசிக்கொண்டிருந்தார். சாமித்தம்பியைப் பார்த்தால் அவர் எஞ்சினை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் இல்லாத நெல்நுனிகள் ஊசி ஊசியாக வெளியே வந்திருந்தன. அதற்கு அப்பால் ஒரு கறுப்புக் கோடு.

"அண்ணன்! வரம்பு தெரியுது!"

தலைவரும் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. "சுபா, அங்கால பிடி! மக்களே, இதோ வரம்பு தெரிகிறது! காலையில் ஆற்றுவாய் வெட்டப்பட்டது, இப்போது தண்ணீர் வடிகிறது! இது எங்களுடைய போராட்டத்தின் வெற்றி! சாமித்தம்பி, கிட்டக் கொண்டு போ, வரம்ப வடிவா காட்டுவம்!"

சாமித்தம்பி பதினைந்து குதிரைகளையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டார். வள்ளம் வெற்றியை நோக்கிப் பாய்ந்து, வெற்றியின் மேல் ஏறி, நின்றுவிட்டது. சுபாகரனின் போன் வள்ளத்துக்குள் விழுந்து லைவ் அறுந்தது. எஞ்சின் நெல்லையும் ஆற்றுவாழையையும் சுற்றிக்கொண்டு ஒரு தரம் கனைத்துவிட்டு ஓய்ந்தது.

வள்ளத்தின் வயிறு வரம்பில். அணியம் ஒரு வயலுக்கு மேல், எஞ்சின் மறு வயலுக்கு மேல். பூங்காவில் பிள்ளைகள் ஏறியிறங்கும் பலகை மாதிரி அது ஆடத் தொடங்கியது. சாமித்தம்பி எஞ்சினைப் பார்க்க இன்னும் பின்னால் நகர்ந்தார். பின்பக்கம் தாழ்ந்து, தலைவர் வானத்தை நோக்கி உயர்ந்தார். யாருடைய சிபாரிசும் இல்லாமல் அவர் உயர்ந்தது அது ஒரு தடவைதான்.

"டேய், டேய், முன்னுக்கு வா!"

சாமித்தம்பி முன்னுக்கு வந்தார். தலைவர் சேற்றை நோக்கி இறங்கினார்.

"ஒருத்தரும் அசையாதீங்க!" என்று கத்தினாள் மேனுகா. கேக்கின் கயிறு ஒன்று இளகியிருந்தது.

நால்வரும் அசையாமல் இருக்கப் பார்த்தார்கள். நெல்லுக்குள்ளிருந்து கொசு எழும்பி வந்தது. சுபாகரன் கன்னத்தில் அடித்தால் வள்ளம் இடப்பக்கம் போனது. தலைவர் முதுகைச் சொறிந்தால் வலப்பக்கம் போனது. யாராவது தும்மினால் கேக் உட்பட ஐந்து உருப்படியும் தலையாட்டின.

"இறங்கித் தள்ளுங்கண்ணன்."

"முதலை கிடக்கும் புள்ள. வெள்ளத்துக்கு வயலுக்குள்ள ஏறிரும்."

"இந்தப் பக்கம் முதலையே இல்லையெண்டு தலைவர் போன கிழமை அறிக்கை விட்டவர்" என்றான் சுபாகரன். அறிக்கையை எழுதியவன் அவன்தான்.

"அப்ப தலைவர் இறங்கட்டும்."

"அறிக்கை ஆத்துக்கு விட்டது" என்றார் தலைவர். "இது வயல்."

சூரியன் உச்சியில் நின்றது. வடிந்த தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது, அவர்களை மட்டும் விட்டுவிட்டு. தலைவர் முதன்முறையாகக் குந்தினார். போர்வைக்குள்ளிருந்து வனிலா வாசம் வந்தது. அவர் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

"மகள், இதுக்குள்ள ஒரு சின்னத் துண்டு..."

"ஏலாது மாமா."

"குளிசை போட்டிட்டுப் பச்சைத் தண்ணியும் படாம வந்தனான்."

"இது தின்னுற கேக் இல்ல மாமா. ரெஜிபோம்."

தலைவர் சிரித்தார். "எனக்கா கதை விடுற? எத்தினை கல்யாணத்துக்குத் தலைமை தாங்கினனான்! ஒரு கேக்குத் துண்டுக்குக் கணக்குப் பாத்தா நாளைக்கு ஊர் எப்பிடிப் பிள்ளை முன்னேறும்?"

ஊர் முன்னேறுவதை யோசிக்க மேனுகாவுக்கு நேரமில்லை. முதலை இருந்தாலும் சரி என்று செருப்பைக் கழற்றினாள். வரம்பால் நடந்துபோய்ப் பெரிய ரோட்டுப் பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். "சுபாகரன் அண்ணன், கேக்கப் பிடிச்சுக்கொள்ளுங்க. மாமா, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முழங்கால்வரை களிச்சேறு.

அவள் வரம்பின் முடிவுவரை போனாள். தூரத்தில் பெரிய ரோட்டின் மேடு தெரிந்தது. தண்ணீர் அதைவிட்டு இறங்கியிருந்தது. ஒரு ஓட்டோ அதில் மெதுவாக ரவுண் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மரத்துக்குக் கீழே படுத்திருந்த அதே ஓட்டோ. மேனுகா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது சாமித்தம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபாகரன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் எதையும் பார்க்கவில்லை, வாயை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். அவருடைய வாய்க்குள்ளிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது.

மேனுகா போர்வையைத் தூக்கினாள். நடு அடுக்கின் பின்பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம்.

"துப்புங்க மாமா."

அவர் துப்பினார். வெள்ளை மணி மணியாக ரெஜிபோம் காற்றில் பறந்து, பாதி திரும்பி வந்து மீசையில் ஒட்டிக்கொண்டது. துடைத்தார். ஒட்டியது கைக்கு மாறி, கையிலிருந்து மறுபடி மீசைக்கு வந்தது.

"நான் சொன்னன்தானே!" மேனுகா பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "நான் சொன்னன்தானே மாமா!"

தலைவர் மீசையைத் துடைப்பதை நிறுத்தினார். அவருடைய கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கண் எங்கேயோ போனது.

"புள்ள, இது நடிப்பில்ல" என்றார் சாமித்தம்பி. "ஆளுக்குச் சீனி இறங்குது."

சுபாகரன் பதறிப்போய் மறுபடி லைவைப் போட்டு, "ஆராவது உழவு மெசின் கொண்டு ஓடி வாங்க, தலைவருக்கு ஏலாமப் போயிற்று" என்று கத்திவிட்டு, போனைப் பெட்றோல் கானில் சாத்தி வைத்துவிட்டுத் தலைவரைத் தாங்கப் பாய்ந்தான். போன் தன் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது.

அடித்தட்டின் அந்தக் கையகலம் மேனுகாவின் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதை வெட்டினால் பெண்ணும் மாப்பிள்ளையும் ரெஜிபோமைத்தான் ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு வள்ளத்தில் வைத்துவிட்டுப் போன பையை அவிழ்த்து, திருத்துவதற்கென்று வைத்திருந்த ஐசிங் முழுவதையும் கூம்புப் பைக்குள் போட்டாள்.

"வாயத் திறங்க மாமா."

அவர் திறந்தார். பூ வளைக்கிற அதே நிதானத்தோடு அவள் கூம்பை அழுத்தினாள். தலைவருடைய நாக்கில் வெள்ளையாக ஒரு சுருள் இறங்கியது. விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார், கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு மாதிரி. இன்னொரு சுருள். ஐசிங் முடிந்தது. டப்பாவிலிருந்த ரோசாப்பூக்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஏழாவது பூவில் தலைவருடைய கண் இடத்துக்கு வந்தது.

"தலைவர்" என்றான் சுபாகரன், போனை எடுத்துப் பார்த்துவிட்டு. "எழுநூறு பேர் பாக்கிறாங்க."

அவ்வளவு பேர் அவரை என்றைக்கும் பார்த்ததில்லை. கீழே கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மனைவி எழுதியிருந்தாள்: "பிட்டுத் தின்னச் சொன்னன்."

மேனுகாவின் போன் அடித்தது. செசீலியா ரீச்சர்.

"மேனுகா, அந்த மனிசன்ட வாய்க்குள்ள போறது என்ட மகள்ட கேக்கா?"

"இல்ல ரீச்சர், அது திருத்துற ஐசிங். கேக் பத்திரமா இருக்கு ரீச்சர்."

"வந்தவுடன சுத்திப் பாப்பன். நாலு பக்கமும் பாப்பன். மண்டபத்துக்கு நடுவில வைக்கப் போறன், எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுக்கிறாங்க. விளங்குதா?"

"ஓம் ரீச்சர்."

அதற்குள் வரம்பால் ஒரு குடை வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே பத்தினிப்பிள்ளை. அந்த வயலுக்குச் சொந்தக்காரி, தலைவருடைய விவசாயச் சங்கத்தில் மூத்த உறுப்பினர்.

"என்ட வரம்பில வள்ளம் ஏத்தினது ஆருடா?" என்றாள். பிறகு அணியத்தைப் பார்த்தாள். "ஓகோ, நீங்களா? தண்ணி வடிஞ்சா நெல்லு தப்புமெண்டு ஆத்துவாய வெட்டச் சொன்னீங்க. வடிஞ்ச தண்ணியில மிஞ்சினத வள்ளத்தால மிதிக்கிறீங்க. இத எந்தச் சங்கத்தில முறைப்பாடு செய்யிற? அதுக்கும் நீங்கதானே தலைவர்?"

"அக்கா, நான் வெற்றியப் பாக்க..."

"பாத்த பாத்த, எல்லாரும் பாத்த. வாய்க்குள்ள குழாய் வச்சு ஊத்தினதையும் பாத்த." அவள் மேனுகாவின் பக்கம் திரும்பினாள். "பாவம் புள்ள, உன்ட முகத்தப் பாத்துத்தான் மருமகன மெசின் கொண்டு வரச் சொன்ன. அந்தா நிக்குது. வா, கேக்கத் தூக்கு."

ரெஜிபோம் என்பதால் தூக்குவது லேசாக இருந்தது. மெசினில் கொழுவிய பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, கேக்கை வைத்து, மேனுகா மறுபடி அணைத்துக்கொண்டாள். தலைவரும் சுபாகரனும் ஏறினார்கள். சாமித்தம்பி வரவில்லை. பதினைந்து குதிரையை வயலில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று வள்ளத்திலேயே இருந்துவிட்டார். அடுத்த மழைவரை அந்த வள்ளம் வரம்பில்தான் கிடந்தது.

பெரிய ரோட்டில் ஏறியவுடன் தலைவருக்குத் தெம்பு திரும்பியது. "பாத்தியா மகள்! ரோட்டுத் திறந்திட்டு! ஆத்துவாய வெட்டச் சொன்னதாலதானே?"

மேனுகா பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடைக்க ஐசிங் இல்லை. ஒரு ரோசாப்பூவைக் குத்தி மறைக்கலாம் என்றால் ரோசாப்பூக்களெல்லாம் தலைவருடைய வயிற்றில் இருந்தன. மண்டபத்துப் பூக்கள் அத்தனையும் ஊதா நிறம், செசீலியா ரீச்சர் தேர்ந்தெடுத்தது. முழு வெள்ளைக் கேக்கில் ஒரு ஊதாப் பூ இருந்தால் அது பள்ளத்தைவிட உரத்துப் பேசும்.

"மாமா" என்றாள். "நீங்க ரெஜிபோம் திண்டது லைவில வரல்ல. எங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

தலைவர் மீசையைத் தடவினார். "அது அப்பிடியே இருக்கட்டும் மகள்."

"இருக்கும். நீங்க இந்தப் பக்கத்துக்குப் புறகால நிண்டா."

"எங்க?"

"கேக்குக்குப் புறகால. பள்ளத்த மறைச்சு. விருந்து முடியுமட்டும்."

"கதிரை ஒண்டு போட்டு..."

"நடு அடுக்கு மாமா. இருந்தீங்களெண்டா பள்ளமும் தெரியும், அதுக்குக் கீழ உங்கட தலையும் தெரியும்."

தலைவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. அவருடைய பொதுவாழ்வில் அது ஒரு சாதனை.

மண்டப வாசலில் பாண்ட் வாத்தியம் தொடங்கியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வர நின்றார்கள். சேறு காயாத காலோடு மேனுகாவும் சுபாகரனும் கேக்கைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் ஓடி, நடு மேசையில் வைத்துப் போர்வையை இழுத்த அதே கணம் தலைவர் அதன் பின்னால் போய் நின்றார். செசீலியா ரீச்சர் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி சுற்றத் தொடங்கினார். முன்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் வந்து குனிந்து விளிம்பைப் பார்த்தார். பின்பக்கம் வந்தார்.

"இவர் ஏன் இதில நிக்கிறார்?"

"கேக்கோட வந்தவர் ரீச்சர்."

"ஐயா, கொஞ்சம் விலகுங்க."

"கால் பிடிச்சுப் போச்சு அம்மா" என்றார் தலைவர். "வெள்ளத்தில நிண்டது."

"மீசையில என்ன?"

"ஐசிங் ரீச்சர்" என்றாள் மேனுகா.

ரீச்சர் இன்னும் ஏதோ கேட்க வாய் திறந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கேக் வெட்டினார்கள். கத்தி சரியான இடத்தில், உண்மையான கேக்கில், மெத்தென்று இறங்கியது. ஷெரோன் ஊட்டினாள், மாப்பிள்ளை தின்றான், எல்லோரும் கைதட்டினார்கள். கமெரா எங்கே திரும்பினாலும் பின்னால் கனகசூரியத்தார் இருந்தார். பிறகு புரியாணி வந்தது. அந்த வாசம் அவரைச் சுற்றிச் சுற்றிப் போனது, யாரும் அவருக்குத் தட்டு நீட்டவில்லை. காலில் சேறு காய்ந்து இழுத்தது. பின்தொடையில் ஏதோ ஊர்ந்தது, வயல் அட்டையாக இருக்கலாம். அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். அவர் அசையும்போதெல்லாம் மண்டபத்தின் மறுகோடியில் மேனுகா எழும்பி, மறுபடி இருந்தாள்.

லைவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்ட அறிவிப்பாளர் மைக்கைத் தட்டினார். "இன்று எம்மோடு வருகை தந்திருக்கிற, ஐந்து சங்கங்களின் தலைவர் கனகசூரியம் ஐயா அவர்களை, மேடைக்கு வந்து நடுநாயகமாக அமர்ந்து, மணமக்களை வாழ்த்தும்படி அன்போடு அழைக்கிறோம்!"

மேடையில் ஐந்து கதிரைகள். நடுக்கதிரை காலி. அதற்குச் சிவப்புத் துணி போர்த்தியிருந்தது.

மேனுகா கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். தலைவருடைய வலது கால் தானாகவே தரையைவிட்டு எழுந்தது. அந்தக் காலுக்கு இத்தனை வருடப் பழக்கம். முழு மண்டபமும் அவரைப் பார்த்தது, செசீலியா ரீச்சரும் பார்த்தார். மேனுகா அவசர அவசரமாகப் பையைத் துழாவினாள். அவருக்கு ஊட்டி வெறுமையான கூம்புப் பையை எடுத்து, அவர் காணும்படி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

கால் காற்றில் நின்றது. பிறகு இருந்த இடத்துக்கே வந்தது.

"மைக்க இஞ்ச கொண்டு வாங்க" என்றார் கனகசூரியத்தார்.

மைக் வந்தது. அவர் மணமக்களை வாழ்த்தினார். வாழ்த்து ஆற்றுவாய்க்குப் போனது. ஆற்றுவாயிலிருந்து பெக்கோவுக்கும், பெக்கோவிலிருந்து தன் போராட்டத்துக்கும், போராட்டத்திலிருந்து, உடல்நலம் கெட்டும் மக்களைக் கைவிடாத தன்னுடைய வள்ளப் பயணத்துக்கும் போனது. விருந்தாளிகள் புரியாணி முடித்து, வட்டலப்பம் முடித்து, கேக்குப் பெட்டிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மணமக்கள் எழும்பப் பார்த்து, எழும்ப முடியாமல் இருந்தார்கள்.

செசீலியா ரீச்சர் மேனுகாவின் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். சேலைத் தலைப்பை மடித்து மடியில் வைத்தார். மேனுகா விரலால் கதிரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கேக் நல்லாயிருக்கு" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்."

"மாசி மாசம் தங்கச்சிட மகளுக்கு. இதே மாதிரிச் செய்." அவர் நடு மேசையைப் பார்த்தார். "ஆனா அந்த ஆள் இல்லாமச் செய்து தா."

மேனுகா தலையாட்டினாள், பள்ளம் இருந்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கனகசூரியத்தார் மைக்கை வாயோடு அணைத்துக்கொண்டு, வெள்ளம் எவ்வளவு அகலம் என்று காட்டுவதற்கு மற்றக் கையை விரிக்கத் தொடங்கியிருந்தார்.